கனத்தின் இலக்கணம்: மின்கிதாரின் திரிபொலியில் தோன்றல், திரிதல், கெடுதல்

ஆய்வுச் சுருக்கம்

மின்கிதாரின் ஒலி மேலும் கனமாக அமைய வேண்டுமாயின் திரிபின் அளவை மேலும் கூட்ட வேண்டும் என்னும் எண்ணம் கருவி பயில்வோரிடமும் இசைத் திறனாய்வாளரிடமும் பரவலாக உள்ளது. இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுக்கிறது. 1958 முதல் 1991 வரை வெளிவந்த சில ஒலிப்பதிவுகளைச் சான்றாகக் கொண்டு, கனவுணர்வு எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை இது ஆராய்கிறது. நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்கள் இங்குப் பகுப்பாய்வுக்குரிய சொற்களாகக் கொள்ளப்படுகின்றன. கனம் மிகுதியால் மட்டும் விளைவதன்று. எதை நீக்குவது என்னும் தெரிவே அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மின்கிதார், திரிபொலி, ஒலிப்பண்பு, விகாரம், கனம், மெட்டல் இசை, பிளாக் சபாத், மெட்டாலிகா

முன்னுரை

சுருதி, தாளம், பண் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்கள் நிரம்ப உள்ளன. ஒரே சுரத்தை யாழும் குழலும் இசைக்கையில் இது யாழ், இது குழல் என நமக்கு உணர்த்தும் ஒலிப்பண்பைப் பற்றிப் பேச அத்தனை சொற்கள் இல்லை. மரபிசை ஆய்வில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. அங்குச் சுரமும் தாளமுமே பொருளின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவான ராக், மெட்டல் இசை வகைகளில் நிலைமை வேறு. அவற்றில் இரண்டு மூன்று சுரங்களே திரும்பத் திரும்ப ஒலிக்கலாம். கேட்போரை ஈர்ப்பது அச்சுரங்களின் ஒலிப்பண்பாகவே இருக்கலாம்.

இத்தகைய இசை தமிழில் பேசப்படும்போது ஒன்று 'இரைச்சல்' என ஒதுக்கப்படுகிறது. அல்லது 'அதிரடி' எனப் புகழப்படுகிறது. பழிப்பும் புகழ்ச்சியும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே கருதுகோளின் மேல் நிற்கின்றன. இவ்வொலியில் இருப்பது அளவு மட்டுமே, முறை என ஒன்று இல்லை என்பதே அக்கருதுகோள். கருவி பயிலும் இளைஞரும் இதையே வேறு வடிவில் நம்புகின்றனர். ஒலி போதிய கனமாக இல்லையெனில் பெருக்கியின் கெயின் குமிழை மேலும் திருகுவதே அவர்தம் முதற்செயல். அவ்வாறு திருகியபின் ஒலி கனமாவதற்கு மாறாகக் கலங்கி, மெலிந்து, தொலைவில் ஒலிப்பதுபோல் ஆவதையும் அவர்கள் காண்கின்றனர். இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி. திரிபு கூடியும் கனம் குறைவது ஏன்?

சிதைவும் விகாரமும்

மின்னணுவியல் நூல்கள் ஒரு சுற்றின் உள்ளீட்டு அலைவடிவம் வெளியீட்டில் மாறிவிடுவதைக் குறையாகவே கருதும். தமிழில் இதற்குச் 'சிதைவு', 'உருக்குலைவு' ஆகிய சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன. தொலைபேசிக்கும் வானொலிக்கும் இச்சொற்கள் பொருந்தும். அங்குக் கொடுத்ததைக் கொடுத்தவாறே சேர்ப்பிப்பது கருவியின் கடமை. மின்கிதாரின் பெருக்கிக்கு அக்கடமை இல்லை. அது இசைக்கருவியின் ஓர் உறுப்பு. யாழுக்குப் பத்தர் எவ்வாறோ அவ்வாறே மின்கிதாருக்குப் பெருக்கியும் ஸ்பீக்கரும்.

எனவே இங்குச் 'சிதைவு' என்னும் சொல் ஆராய்வதற்கு முன்பே தீர்ப்பை வழங்கிவிடுகிறது. இதற்கு மாற்றாக இலக்கண மரபின் 'விகாரம்' என்னும் சொல்லைக் கொள்ளலாம். பேச்சுவழக்கில் விகாரம் அழகின்மையைக் குறிப்பினும் இலக்கணத்தில் அது குற்றம் அன்று. பூங்கொடியில் மெல்லெழுத்துத் தோன்றுகிறது. கற்சிலையில் லகரம் றகரமாகத் திரிகிறது. மரவேரில் மகரம் கெடுகிறது. மூன்றும் மாற்றங்கள், மூன்றும் முறைக்கு உட்பட்டவை. நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என வகுத்ததைத் தொல்காப்பியம் மிகுதல், மெய்பிறிதாதல், குன்றல் எனக் கூறும்.

இலக்கண நூலார் மின்னொலியை முன்னறிந்தனர் எனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. எழுத்துப் புணர்ச்சிக்கும் மின்சுற்றுக்கும் இயல்பான உறவு ஏதும் இல்லை. மாற்றத்தைக் குறையாகக் கொள்ளாமல் வகைப்படுத்திப் பார்க்கும் ஒரு பார்வை இம்மரபில் உண்டு. அப்பார்வையை மட்டுமே இங்குக் கடனாகக் கொள்கிறோம். தமிழில் எழுதும் திறனாய்வாளருக்கு இச்சொற்கள் முன்னரே பழக்கமானவை என்பது கூடுதல் பயன்.

தோன்றல்

வெற்றிடக் குழாயோ திரிதடையமோ ஓர் எல்லைவரைதான் மின்குறிப்பைப் பெருக்க இயலும். உள்ளீடு அவ்வெல்லையைக் கடந்தால் அலையின் முகடுகள் தட்டையாகின்றன. அவ்வாறு தட்டையாகும்போது மூல ஒலியில் இல்லாத, அல்லது மிக மெலிதாக இருந்த மேற்சுரங்கள் தோன்றுகின்றன. அலையின் இருபுறமும் ஒத்த அளவில் வெட்டப்பட்டால் 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்கள் மிகுகின்றன. ஒருபுறம் மட்டும் மிகுதியாக வெட்டப்பட்டால் இரட்டைப்படை மடங்குகளும் உடன்தோன்றுகின்றன.

ஒரே சுரத்தை இசைக்கையில் தோன்றுபவை இவை. இரு சுரங்களைச் சேர்த்து இசைக்கையில் அவற்றின் அதிர்வெண்களுடைய கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக எழுகின்றன. பவர் கார்டு எனப்படும் இருசுரக் கூட்டு மெட்டல் இசையின் அடிப்படை அலகாக நிலைபெற்றமைக்குக் காரணம் இதுவே. அதில் அடிச்சுரமும் அதன் பஞ்சமமும், அதாவது குரலும் இளியும், மட்டுமே உண்டு. வழக்கமான சுருதியமைப்பில் கிதாரின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82.4 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. அதன் பஞ்சமம் 123.5 ஹெர்ட்ஸ். இவற்றின் வேறுபாடு 41.1 ஹெர்ட்ஸ். இது அடிச்சுரத்திற்கு ஒரு தானம் கீழே உள்ள சுரத்தோடு ஏறத்தாழ ஒன்றுகிறது. எந்தத் தந்தியும் இசைக்காத தாழ்சுரம் ஒன்று திரிபினால் பிறக்கிறது. ராபர்ட் வால்சர் 1993இல் வெளியிட்ட ஹெவி மெட்டல் பற்றிய நூலில் இத்தகைய விளைசுரங்களுக்கு முதன்மை அளித்து, திரிபொலியை ஆற்றலின் குறியீடாக விளக்கினார்.

தோன்றலே கனத்திற்கு முழுக் காரணமாயின், கூட்டில் மேலும் சுரங்களைச் சேர்க்கச் சேர்க்கக் கனம் மிக வேண்டும். நடைமுறை அதற்கு மாறாக உள்ளது. பவர் கார்டோடு அந்தர காந்தாரத்தையும் சேர்த்தால் முழுமையான மேஜர் கார்டு கிடைக்கும். திரிபற்ற ஒலியில் அது நிறைவாக ஒலிக்கும். மிகுதிரிபில் அது கலங்குகிறது. சமப்பகுப்புச் சுருதியமைப்பில் அடிச்சுரத்தின் ஐந்தாம் மடங்கு 412.0 ஹெர்ட்ஸ், காந்தாரத்தின் நான்காம் மடங்கு 415.3 ஹெர்ட்ஸ். இவை நொடிக்கு மும்முறைக்கு மேல் மோதித் துடிக்கின்றன. பஞ்சமத்தில் இதற்கு ஈடான மோதல் ஏறத்தாழ மூன்றரை நொடிக்கு ஒருமுறையே நிகழ்கிறது. திரிபு இம்மோதல்களைப் பெருக்கிக் காட்டுவதால் காந்தாரம் நீக்கப்படுகிறது. ஆகவே பவர் கார்டின் பிறப்பிலேயே ஒரு கெடுதல் உள்ளது. தோன்றும் தாழ்சுரம் தெளிவாக ஒலிப்பதற்கு இடையிலுள்ள சுரம் கெட வேண்டியுள்ளது.

திரிதல்

சுருதியைத் தாழ்த்துதல் திரிதலுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பிளாக் சபாத் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பான மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'இன்டு தி வாய்ட்' போன்ற பாடல்களில் டோனி ஐயோமி தம் கிதாரை ஒன்றரைச் சுரம் தாழ்த்தினார். தாழ்ந்த தந்தி 69.3 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கியது. தந்தியின் இறுக்கம் தளர்ந்ததால் மீட்டிய கணத்தில் அது சற்றே நெளிந்து பின் நிலைபெறுகிறது. அந்நெளிவும் அத்தொகுப்பின் ஒலிப்பண்பில் ஒரு கூறாகும். பின்வந்த தலைமுறையினர் இதையே கனத்திற்கான முதல்விதியாகக் கொண்டு மேலும் மேலும் சுருதியை இறக்கினர். ஏழு தந்தி, எட்டுத் தந்திக் கிதார்கள் அவ்வழியில் பரவின.

எனினும் சுருதித் தாழ்வு கனத்திற்குத் துணைபுரிவதே அன்றி அதன் அடிப்படை அன்று. இதற்குச் சான்று அக்குழுவினரிடமே உள்ளது. 1970 பிப்ரவரியில் வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பில் கிதார் வழக்கமான சுருதியிலேயே அமைந்துள்ளது. அத்தொகுப்பின் தலைப்புப் பாடலில் வரும் ரிஃப் மூன்றே சுரங்களால் ஆனது. அடிச்சுரம், அதன் மேல்தானம், பின்னர்ப் பிரதி மத்திமம். தாழ்ந்த தந்தியின் அடிச்சுரத்தைக்கூட அந்த ரிஃப் முதன்மையாகக் கொள்ளவில்லை. திரிபின் அளவும் பிற்கால அளவுகோலின்படி மிதமானதே. ஆயினும் ஹெவி மெட்டல் வரலாறு பெரும்பாலும் இப்பாடலிலிருந்தே எழுதப்படுகிறது. இதன் கனம் மெதுவான நடையிலும், ஒவ்வொரு சுரமும் தேய்வதற்கு அளிக்கப்படும் காலத்திலும், சுரங்களுக்கிடையே விடப்படும் வெளியிலும் உள்ளது. கருவியில் கூட்டப்பட்டது சிறிது. இசையமைப்பில் விலக்கப்பட்டது பெரிது.

கெடுதல்

கனவுணர்வில் கெடுதலின் பங்கு நான்கு நிலைகளில் வெளிப்படுகிறது.

முதலாவது, திரிபுக்கு முன் நிகழும் நீக்கம். கனமான ஒலி வேண்டுவோர் தாழ் அதிர்வெண்களைக் கூட்டிப் பெருக்கிக்கு அனுப்புவர் என எதிர்பார்க்கலாம். நிகழ்வது இதற்கு நேர்மாறானது. ஐயோமி தம் லேனி பெருக்கிக்கு முன் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்னும் சிறு கருவியைப் பயன்படுத்தினார். அது உயர் அதிர்வெண்களை மிகுவிப்பது. தாழ் அதிர்வெண்கள் அதனால் ஒப்பளவில் பின்தள்ளப்படுகின்றன. பிற்கால மெட்டல் இசைஞர் மிகுபெருக்கமுடைய பெருக்கிகளுக்கு முன் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலை வைத்து, அதன் டிரைவ் குமிழைக் குறைத்தும் லெவல் குமிழை உயர்த்தியும் இசைப்பது வழக்கம். அப்பெடலின் சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பகுதிக்குக் குறைவான பெருக்கமே அளிக்கிறது. தாழ் அதிர்வெண்கள் ஆற்றல் மிக்கவை. அவை முதலில் எல்லையைக் கடந்தால் ஒலி முழுதும் அவற்றின் அலைப்போக்கில் நசுங்கிக் குழைகிறது. அவற்றை முன்னரே கட்டுப்படுத்தினால் திரிபு இறுக்கமாகிறது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடையின் ஒரு பகுதி இதுவே. கெயினை மட்டும் கூட்டும்போது தாழ் அதிர்வெண்களும் கட்டுப்பாடின்றி நசுங்குவதால் கனம் கரைந்துவிடுகிறது.

இரண்டாவது, திரிபுக்குப் பின் நிகழும் நீக்கம். திரிபில் தோன்றிய மேற்சுரங்கள் அனைத்தும் செவியை அடைவதில்லை. கிதாருக்கெனச் செய்யப்படும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைவாக வலுவிழக்கின்றன. ஸ்பீக்கரைத் தவிர்த்துத் திரிபொலியை நேரடியாகப் பதிவுசெய்தால் அது வண்டின் ரீங்காரம்போல் மெலிந்து கரகரக்கும். அதே மின்குறிப்பு ஸ்பீக்கர் வழியாக வரும்போது உடல் பெறுகிறது. அவ்வுடல் எதையும் சேர்த்ததால் வந்ததன்று. உயர்பகுதி கெட்டதால் வந்தது.

மூன்றாவது, கையால் நிகழும் நீக்கம். மீட்டும் கையின் உள்ளங்கை விளிம்பைத் தந்திகள் பாலத்தைச் சேரும் இடத்தில் இலேசாக ஊன்றி இசைப்பது பாம் மியூட் எனப்படும். அப்போது சுரம் நீளாமல் அடங்கி, ஒரு குத்துப்போல் ஒலிக்கிறது. திரிபு ஒலியளவின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதால் மெல்ல மீட்டுவதற்கும் வலிந்து மீட்டுவதற்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு மறைந்துவிடுகிறது. இழந்த அவ்வேறுபாட்டை அடக்கிய சுரம், விடுத்த சுரம் என்னும் புதிய எதிர்நிலையாக உள்ளங்கை மீட்டுத் தருகிறது. ஹாரிஸ் பெர்கரும் கார்னீலியா ஃபேல்ஸும் 2005இல் வெளிவந்த தம் ஆய்வில் மெட்டல் கிதார் ஒலிகளைப் பகுத்தாய்ந்து, ஒலியளவு தேயாமல் நிற்பதைக் கனவுணர்வோடு தொடர்புபடுத்தினர். அம்முடிபு நீண்டு நிற்கும் சுரத்திற்குப் பெரிதும் பொருந்துவது. பாடலின் ஓட்டத்திலோ தேயாத சுரம் கனமாக உணரப்படுவதற்கு அதன் அருகே அடக்கப்பட்ட சுரம் ஒன்று தேவைப்படுகிறது. எல்லாம் நீண்டு நின்றால் எதுவும் ஓங்கித் தோன்றாது.

நான்காவது, அமைதி. மிகுபெருக்கத்தில் இசைக்காத கணங்களிலும் முணுமுணுப்பும் சீறலும் எழுகின்றன. நாய்ஸ் கேட் என்னும் கருவி ஒலியளவு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே சென்றதும் வழியை அடைத்துவிடுகிறது. ரிஃபின் இடைவெளிகள் அதனால் முழு அமைதியாகின்றன. அமைதியிலிருந்து திடீரென எழும் ஒலி, இரைச்சலிலிருந்து எழும் அதே ஒலியைவிடப் பெரிதாகத் தோன்றுவது இயல்பு.

விபத்தும் தெரிவும்

திரிபொலியின் வரலாறு பெரும்பாலும் விபத்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் பதிவான 'ராக்கெட் 88' பாடலில் பெருக்கி பழுதுற்றதும், ஸ்பீக்கரில் காகிதம் திணித்துச் சமாளிக்கப்பட்டதும் பலமுறை சொல்லப்பட்டவை. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாடலில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தின் கலவைப் பலகை பழுதானதால் கிரேடி மார்ட்டினின் இசைப்பகுதி கரகரத்தது. ஐயோமியின் வரலாறும் அவ்வாறே சொல்லப்படுகிறது. பர்மிங்காம் நகரின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் பதினேழு வயதில் அவர் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுறைகள் செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி அவர் மீண்டும் இசைத்தார். அவ்விபத்திலிருந்தே மெட்டல் பிறந்தது என முடிப்பது எழுதுவோர் வழக்கம்.

இக்கதைகள் உண்மையை ஒட்டியவை. ஆனால் விளக்கமாகப் போதியவை அல்ல. பழுதான பலகையில் பதிவானதை நீக்கி மீண்டும் பதிவுசெய்திருக்கலாம், அது தக்கவைக்கப்பட்டது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அவ்வொலியை மீண்டும் உண்டாக்கும் சுற்றை வடிவமைத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' அதை உலகறியச் செய்தது. 1958இல் 'ரம்பிள்' என்னும் சொற்களற்ற இசைத்தட்டுக்காக லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கரில் துளையிட்டதும், 1964இல் 'யூ ரியலி காட் மீ' பாடலுக்காக டேவ் டேவிஸ் சவர அலகால் ஸ்பீக்கர்த் தாளைக் கீறியதும் விபத்துகளே அல்ல. அவை தேர்ந்து செய்யப்பட்டவை. அமெரிக்க வானொலி நிலையங்கள் சில 'ரம்பிள்' இசைத்தட்டைத் தடைசெய்தன. அதில் தடைசெய்வதற்குச் சொல் ஒன்றும் இல்லை. ஒலிப்பண்பும் தலைப்புமே அச்சத்தை விளைவித்தன.

இலக்கண மரபு இங்கும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க உதவுகிறது. புணர்ச்சி விகாரம் எழுத்துகள் சந்திக்குமிடத்து நிகழ்வது. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் ஆகிய செய்யுள் விகாரங்களோ புலவன் யாப்பின் தேவை கருதிச் செய்வன. 1951இன் பழுதுற்ற பெருக்கி முன்னதை ஒத்தது. 1964இன் கீறிய ஸ்பீக்கர் பின்னதை ஒத்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் திரிபொலி நிகழ்வதிலிருந்து செய்யப்படுவதாக மாறியது. ஐயோமியின் காயம் அவருக்குச் சில வழிகளை அடைத்தது. எஞ்சிய வழிகளுள் மெதுவான நடையையும், பிரதி மத்திமத்தையும், ஒன்றரைச் சுரத் தாழ்வையும் தேர்ந்தது அவருடைய செவி. தெரிவை விபத்தாக எழுதும்போது தொழிலாளர் குடும்பத்து இளைஞர் ஒருவரின் இசையறிவு வரலாற்றிலிருந்து கெட்டுவிடுகிறது. இக்கெடுதல் முறையானதன்று.

இரு தொகுப்புகளின் ஒப்பீடு

கெடுதலே கனத்தின் அடிப்படை எனில், எதை நீக்கினாலும் கனம் கூடுமா? கூடாது என்பதை மெட்டாலிகா குழுவின் அடுத்தடுத்த இரு தொகுப்புகள் காட்டுகின்றன.

1986இல் வெளிவந்த மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ், கோபன்ஹேகன் நகரின் ஸ்வீட் சைலன்ஸ் கூடத்தில் ஃபிளெமிங் ராஸ்முசனுடன் பதிவுசெய்யப்பட்டது. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு மெசா பூகி மார்க் டூ சி பிளஸ் பெருக்கியைப் பயன்படுத்தித் தாளக் கிதாரின் பகுதிகளை மீண்டும் மீண்டும் இசைத்து அடுக்கினார். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அது நடுவிலேயே ஒலிக்கும். தனித்தனியாக இசைத்தவற்றை இடமும் வலமும் வைத்தால் அவற்றின் நுண்ணிய கால வேறுபாடு அகலத்தை உண்டாக்குகிறது. அவ்வாறு அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்கிலும் திரிபைக் குறைத்துக்கொள்வது ஒலிப்பதிவாளரின் பொதுவழக்கு. குறைக்காவிடில் அடுக்குகள் ஒன்றையொன்று மறைக்கும். கீழ்நோக்கி மட்டுமே மீட்டும் ஹெட்ஃபீல்டின் முறை ஒவ்வொரு குத்துக்கும் ஒத்த எடையைத் தருகிறது. இவற்றின் அடியில் கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிதார் உள்ளது. தலைப்புப் பாடலில் கிதாரின் எடையாக நாம் உணர்வதில் ஒரு பகுதி உண்மையில் பேஸுக்கு உரியது.

1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நேர்ந்த பேருந்து விபத்தில் பர்ட்டன் இறந்தார். ஜேசன் நியூஸ்டெட் இணைந்தபின் 1988இல் வெளிவந்த ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் தொகுப்பில், பேஸ் ஏறத்தாழ கேளாத அளவுக்குத் தாழ்த்தப்பட்டது. கிதார் ஒலியும் நடு அதிர்வெண்கள் குழிந்து வறண்டு ஒலிக்கிறது. கிதார்கள் முன்னைவிடக் கூர்மையானவை. இசைப்பு முன்னைவிடத் துல்லியமானது. பாடல்கள் முன்னைவிடச் சிக்கலானவை. ஆயினும் எடை குறைந்துள்ளது. கிதாரின் கனம் கிதாரில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. இத்தொகுப்பின் வறட்சியை இழப்பின் வெளிப்பாடாகப் பொருள்கொள்வோரும் உளர். அப்பொருள்கோள் 'ஒன்' போன்ற பாடலின் தொடக்கத்திற்குப் பொருந்தலாம். தொகுப்பு முழுமைக்கும் விரித்தால் கலவையின் குறையைக் கருத்தின் நிறைவாகக் காட்டுவதாகிவிடும்.

அக்குழுவே இதற்கு மறுமொழி அளித்தது எனலாம். பாப் ராக் உடன் உருவாக்கிய 1991ஆம் ஆண்டுத் தொகுப்பில் பேஸ் மீண்டும் கேட்கிறது, நடை தாழ்கிறது, சுரங்கள் குறைகின்றன. ஒரு சுரம் தாழ்த்தப்பட்ட 'சேட் பட் ட்ரூ' பாடலின் எடை 1988இன் எந்தப் பாடலிலும் இல்லை. வேகமும் சிக்கலும் கெட்டன. பேஸ் மீண்டும் தோன்றியது. கெடுதல் தன்னளவில் பயன் தருவதன்று. எஞ்சி நிற்பதைத் தாங்குவதற்காக அது நிகழும்போதே கனமாகிறது.

ஓர் எதிர்ச்சான்று

மேற்கண்ட முடிபுக்கு வலுவான எதிர்ச்சான்று ஸ்டாக்ஹோம் நகரிலிருந்து வருகிறது. எண்டூம்ட் குழுவின் 1990ஆம் ஆண்டுத் தொகுப்பான லெஃப்ட் ஹேண்ட் பாத், சன்லைட் கூடத்தில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெரியுடன் பதிவானது. அதன் கிதார் ஒலி பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடலின் குமிழ்கள் அனைத்தையும் இறுதிவரை திருகிப் பெறப்பட்டது. இயங்கும் இரம்பத்தோடு ஒப்பிடப்படும் அவ்வொலி கனமானது என்பதில் கேட்போரிடையே கருத்து வேறுபாடு இல்லை. இங்கு நீக்கம் எங்கே உள்ளது?

குமிழ்கள் அனைத்தும் இறுதியில் நிற்கையில் அப்பெடல் தாழ் அதிர்வெண்ணில் ஓரிடத்தையும் உயர் நடுப்பகுதியில் ஓரிடத்தையும் மலைபோல் உயர்த்துகிறது. பிற பகுதிகள் பள்ளத்தில் தங்கிவிடுகின்றன. மிகுவித்தலே இங்கு ஒருவகை விலக்கமாகச் செயல்படுகிறது என வாதிடலாம். அவ்வாதம் ஓரளவே செல்லும். சுரத்தின் தொடக்கம் அவ்வொலியில் மழுங்குவதும், ரிஃப்கள் ஒன்றோடொன்று கலப்பதும் உண்மை. கேட்போர் விரும்புவதும் அக்கலப்பையே. எனவே கனம் இருவகைப்படும் எனக் கொள்வது பொருத்தமானது. ஒன்று, எடையின் கனம். அது வேறுபாட்டிலும் அமைதியிலும் உருவாவது. மற்றொன்று, செறிவின் கனம்; அது இடைவெளியற்ற நிறைவில் உருவாவது. இக்கட்டுரையின் முடிபு முதல்வகைக்கு முழுமையாகவும் இரண்டாவதற்கு ஓரளவாகவும் பொருந்தும். செறிவின் கனத்தை நாடியோர்கூட முருகொலியைக் கலவையில் மேலெழ விட்டனர். செறிவும் தன்னை அளக்க ஒரு துடிப்பை வேண்டுகிறது.

முடிவுரை

மின்கிதாரின் திரிபொலி மூன்று விகாரங்களின் கூட்டு விளைவு என்பதும், அவற்றுள் கெடுதலே கனத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பட்டன. காந்தாரம் கெட்டதால் பவர் கார்டு நின்றது. திரிபுக்கு முன் தாழ் அதிர்வெண் அடங்கியதால் ஒலி இறுகியது. உயர்பகுதி ஸ்பீக்கரில் கெட்டதால் ஒலி உடல் பெற்றது. உள்ளங்கையில் சுரம் அடங்கியதால் அடுத்த சுரம் ஓங்கியது. பேஸ் கெட்டபோது இவை அனைத்தும் இருந்தும் எடை நீங்கியது.

இதிலிருந்து திறனாய்வுக்கு ஒரு கடமை பிறக்கிறது. ஓர் ஒலி கனமானது எனக் கூறுவது விளக்கத்தின் முடிவு அன்று, தொடக்கம். அது எதனால் கனமாகிறது, அதற்காக எது விலக்கப்பட்டது, விலக்கியவர் யார் என்னும் வினாக்கள் அதனைத் தொடர வேண்டும். இவ்வினாக்கள் எழுப்பப்படாதவரை இரைச்சல் என ஒதுக்குவோரும் அதிரடி எனப் புகழ்வோரும் ஒரே பிழையைச் செய்வோராவர். பெருக்கியின் முன் நிற்கும் இளம் இசைஞருக்கும் இது பொருந்தும். ஒலி போதிய கனமாக இல்லை எனத் தோன்றும்போது அவர் முதலில் கேட்க வேண்டியது 'இன்னும் எதைக் கூட்டலாம்' என்பதன்று, 'எதைக் குறைக்கலாம்' என்பதே.